மயோ மிஸ்

ஜூன் 12, புதன்

பள்ளி திறந்தாயிற்று. இந்த வருடமும் பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகளுக்கு நான்தான் உயிரியல். போன வருடக் கடைசியில் உதட்டோரம் தொடங்கிய வெள்ளை, கோடை விடுமுறையில் கண்ணிமைக்கும் இடது கை விரல்களுக்கும் வந்துவிட்டது. வெண்புள்ளிதான், தொற்றாது, உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். இதை நானே பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை பாடமாக நடத்தியிருக்கிறேன். களிம்பு மாற்றிக் கொடுத்து, காலை வெயிலில் கொஞ்ச நேரம் நிற்கச் சொன்னார். மொட்டை மாடியில் நின்றேன். பக்கத்து வீட்டம்மா துணி காயப்போட வந்தாள். என்னைப் பார்த்ததும் வாளியோடு திரும்பி இறங்கிவிட்டாள்.

முதல்வர் குழந்தைவேல் சார் கூப்பிட்டனுப்பினார். சேர்க்கை மேசையில் இந்த வருடம் நான் உட்கார வேண்டாமாம். "நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க மேடம்" என்றார். நான் ஓய்வு கேட்கவே இல்லை.

ஜூன் 20, வியாழன்

தக்காளி சாதம், அப்பளம். மதியம் வழக்கம்போல் நானும் வேதியியல் ஹேமமாலினியும் சேர்ந்து சாப்பிட்டோம். ஸ்டாஃப் ரூமில் மற்றவர்கள் இப்போதெல்லாம் என் டப்பாவில் கை வைப்பதில்லை. ஹேமா மட்டும் கேட்காமலே ஒரு கரண்டி எடுத்துக்கொள்வாள். அவள் இந்தப் பள்ளிக்கு வந்த நாளிலிருந்து எங்களுக்குள் அப்படித்தான். இவள் ஒருத்தி இருக்கும்வரை எனக்கு வேறு யாரும் வேண்டாம்.

பிற்பகல் ஒரு பையன் வந்து, "மயோ மிஸ், ரெக்கார்டு எங்க வெக்கட்டும்?" என்றான். பயோ என்று திருத்தினேன். பக்கத்தில் நின்றவன் வாயைப் பொத்திக்கொண்டான். ப, ம இரண்டுமே உதடு ஒட்டிப் பிறக்கிற எழுத்துகள். அவசரத்தில் மாறிப்போகும்.

ஜூன் 27, வியாழன்

மூன்று வகுப்புகளில் இதே பிழை. இத்தனை பேருக்கா உதடு தடுமாறும்?

வீட்டில் இவரிடம் கேட்டேன். இவர் முட்டை மொத்த வியாபாரம். நாமக்கல்லில் முட்டை சம்பந்தப்பட்ட எந்த வார்த்தையும் இவர் காதுக்குத் தப்பாது.

"மயோன்னா மயோனைஸ்தான் கண்ணு. முட்டையையும் எண்ணெயையும் போட்டு அடிச்சு வெள்ளவெளேர்னு பண்ணுவாங்கல்ல, அது. நம்ம முட்டை பெங்களூருக்கு அதுக்குத்தானே லோடு போகுது. முழுசாச் சொல்ல இப்ப யாருக்கும் நேரமில்லியாட்டம். 'மயோ எக்ஸ்ட்ராவா'ன்னுதான் கடையில கேப்பாங்க."

"எதுக்குத் தொட்டுக்குவாங்க?"

"எதுக்குத்தான் தொட்டுக்கறதில்ல? கோழிக்கு, ரொட்டிக்கு, சிப்ஸுக்கு. நம்ம சட்னியாட்ட."

எங்கள் பள்ளி கேண்டீனிலும் இந்த வருடம் சாண்ட்விச் போடுகிறார்கள். அதனால் அந்த வார்த்தை பிள்ளைகள் வாயில் புழங்குகிறது. பயோவுக்கு எதுகையாக மயோ. பிள்ளை விளையாட்டு. இதைப் பெரிதாக்கக் கூடாது.

ஜூலை 5, வெள்ளி

மூன்றாம் பாடவேளையில் ஆயா ஓடிவந்து, "கெமிஸ்ட்ரி டீச்சர் உங்களை லேபுக்கு வரச் சொன்னாங்க" என்றாள். போனேன். ஹேமா நாற்காலியைவிட்டு எழாமல் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. பிள்ளைகள் போயிருந்தார்கள். ஒரு வருடமாகவே அவளுக்கு மாதாமாதம் இரத்தப்போக்கு அதிகம். இன்று புடவை தாண்டி நாற்காலி மெத்தை வரைக்கும் வந்துவிட்டது.

கதவைச் சாத்தினேன். என் பையில் எப்போதும் ஒரு சால்வை இருக்கும். அதை அவள் இடுப்பில் சுற்றிவிட்டேன். மெத்தையை நானே கழற்றிப் பின்பக்கக் குழாயடியில் கழுவினேன். கறை போகவில்லை, எரிக்கப் போட்டுவிட்டேன். என் வண்டியிலேயே கூட்டிப்போய் வீட்டில் விட்டேன்.

"யாருகிட்டயும் சொல்லிராதீங்க கோகிலா. பசங்களுக்குத் தெரிஞ்சா நான் செத்தே போவேன்."

"நான் யாருகிட்டங்க சொல்லப் போறேன்" என்றேன்.

ஜூலை 18, வியாழன்

மாடிப்படியின் கீழே நின்று செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். மேலே பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் பேசிக்கொண்டு நின்றார்கள்.

"மயோ இன்னைக்குக் காது வரைக்கும் வந்திருச்சு, பாத்தியா?"

"இன்னும் கொஞ்ச நாள்ல ஃபுல்லா தடவி முடிச்சிருவாங்கடி."

சிரித்தார்கள். நல்ல பெண்கள். போன வருடம் என் பிறந்தநாளுக்கு ரோஜா கொண்டுவந்தவர்கள்.

வார் சரியாகிவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை. மணி அடித்து அவர்கள் போன பிறகு எழுந்தேன்.

ஜூலை 19, வெள்ளி

களிம்பு தடவவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

யார் தொடங்கியது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்று பன்னிரண்டாம் வகுப்பு நிதர்சனைத் தனியாகப் பிடித்தேன். பயப்படுகிறவன், பொய் சொல்ல வராது.

"உன்னைத் திட்ட மாட்டேன்டா. மயோன்னு எனக்கு யாரு பேரு வெச்சது?"

தலையைக் குனிந்துகொண்டான். "நாங்க இல்லிங் மிஸ்."

"பொறவு?"

"கெமிஸ்ட்ரி மிஸ்ஸுதான். போன வருசக் கடைசில லேபுக்கு லேட்டா வந்தோம். 'என்ன, மயோ மிஸ் கிளாஸ் முடிஞ்சுதா, இல்ல இன்னும் தடவிட்டு இருக்காங்களா'ன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சிட்டோம் மிஸ். பொறவு அப்படியே…"

போகச் சொன்னேன். போன வருடக் கடைசி என்றால் அப்போது எனக்கு உதட்டோரம் ஒரு பொட்டளவுதான் இருந்தது. அதை முதலில் காட்டியதே அவளிடம்தான். "ஒண்ணுமில்ல கோகிலா, தேமலாத்தான் இருக்கும்" என்று தன் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இன்றும் அவளோடுதான் சாப்பிட்டேன். புளிக்குழம்பு. என் டப்பாவிலிருந்து எடுத்துக்கொண்டாள். "கைமணம் யாருக்கு வரும்" என்றாள். அவள் மெல்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த வாயில்தான் அது பிறந்தது. அந்த நாக்கு, அந்தப் பல், அந்த உதடு. என் சோறு உள்ளே போகிற அதே வழியாக அது வெளியே வந்தது.

முகத்துக்கு நேரே கேட்டிருக்கலாம். கேட்டால் அழுவாள், மன்னிப்புக் கேட்பாள், ஸ்டாஃப் ரூமே அவளைத் தேற்றும். எனக்கு அது போதாது.

ஒன்றை மட்டும் யோசித்துப் பார்த்தேன். 'மயோனைஸ் மிஸ்' என்றே சொல்லியிருந்தால் அந்தப் பேர் ஒரு வாரம் தாங்கியிருக்காது. நீளமான பேரைச் சுமந்துகொண்டு திரிய யாருக்கும் பொறுமையில்லை. சுருக்கியதால்தான் பிழைத்தது. வராந்தாவில் போகிற போக்கில் சொல்லலாம், இருமுவதுபோல் சொல்லலாம், பாடத்துக்கு நடுவே கேண்டீன் பேச்சுபோல் சொல்லலாம். கையும் களவுமாகப் பிடிக்கவே முடியாது. "சாண்ட்விச் பத்திப் பேசினோம் மிஸ்" என்பார்கள்.

நல்ல ஆயுதம். அவளே எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வேதியியல் லேபைச் சுத்தம் செய்யப் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து இரண்டு பெண்களை அனுப்பியிருந்தார்கள். மேற்பார்வைக்கு நான். அதில் ஒருத்தி கேட்டாள்: "எல்லாச் சேர்லயும் குஷன் இருக்குது, கெமிஸ்ட்ரி மிஸ் சேர்ல மட்டும் ஏன் மிஸ் இல்ல?"

"அதுல கெச்சப் கொட்டிருச்சு" என்றேன்.

"லேபுக்கு எதுக்கு மிஸ் கெச்சப் கொண்டு வந்தாங்க?"

"அவங்க கொண்டு வரல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்திக்கு மெதுவாகப் புரிந்தது, வாய் திறந்தது. நான் பிப்பெட்டுகளைத் துடைத்துக்கொண்டே, "கெச் மிஸ்கிட்ட போய்க் கேட்டு வெக்காதீங்க" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

வீட்டில் மாவு அரைத்தேன். உளுந்து நன்றாக உபரியாக வந்தது.

ஆகஸ்ட் 22, வியாழன்

வாய் தவறவில்லை. இதை யாரும் படிக்கப் போவதில்லை, இங்கே எதற்குப் பொய். அதற்கு முன்பே நாலைந்து நாளாக வண்டி ஓட்டும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். சாஸ், ரொம்பச் சாதாரணம். கெச்சப், நீளம். கெச். வல்லினம் முடிகிற இடத்தில் ஒரு துப்பல் இருக்கிறது. அதுதான் பொருத்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

என் காதாலேயே கேட்டுவிட்டேன். சைக்கிள் நிறுத்துமிடத்தில் பதினொன்றாம் வகுப்புப் பையன்கள், "அடுத்து கெச்சாடா? ஐயோ, வெள்ளைச் சட்டை போட்டு வந்துட்டனே" என்றார்கள். நான் சொல்லாத வேடிக்கை அது. அவர்களாகச் சேர்த்துக்கொண்டது.

ஜூலைக்குப் பிறகு இன்றுதான் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன். இவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன கண்ணு, மருந்து கேக்குதா?"

"கேக்குதுங் மாமா" என்றேன்.

செப்டம்பர் 11, புதன்

ஹேமாவின் நாற்காலியில் யாரோ கெச்சப் பாக்கெட்டைக் கிழித்துப் பிழிந்து வைத்துவிட்டார்கள். அவள் கவனிக்காமல் உட்கார்ந்துவிட்டாள். பாடம் முழுக்க நடத்தி, கரும்பலகைப் பக்கம் திரும்பியபோதுதான் வகுப்பு வெடித்திருக்கிறது. வெளிர்மஞ்சள் புடவை. பக்கத்து வகுப்பில் எனக்குக் கேட்டது அந்தச் சிரிப்பு. நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அது அடங்கும்வரை நின்று கேட்டேன்.

வராந்தாவில் கைப்பையால் பின்னால் மறைத்துக்கொண்டு நடந்துபோனாள். அன்றைக்கு என் சால்வை இருந்தது. இன்றைக்கும் என் பையில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

மாலையில் ஹேமா வீட்டுக்கு வந்தாள். இவர் லோடு ஏற்றப் போயிருந்தார். டீ வைத்துக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"அன்னைக்கு அந்த ரூம்ல நாம ரெண்டு பேருதான் இருந்தோம் கோகிலா."

"ஆமாங்க."

"ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"நீங்க எனக்கு வெச்ச பேருக்கு என்ன அர்த்தம்னு இப்பத்தான் தெரிஞ்சுதுங்க."

டீ டம்ளரைத் தள்ளிவைத்தாள். பிறகு, "நான் சும்மா சிரிப்புக்குச் சொன்னதுங்க. பசங்களுக்கு உங்க கிளாஸ்னாத்தான் உசுரு. என் கிளாஸ்ல தூங்குவாங்க. அன்னைக்கு ஒரு தடவை எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. எனக்கு அது நல்லா இருந்துச்சு" என்றாள்.

"எனக்கும் நல்லா இருந்துச்சுங்க, முந்தாநாள்."

"நான் உங்களைப் பத்திச் சொன்னது எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரியறது. நீங்க சொன்னது நான் உங்களை நம்பிக் காட்டினது."

"என் உதட்டோரப் பொட்டையும் நான் நம்பித்தான் காட்டினேன்."

எழுந்துகொண்டாள். வாசலில் செருப்புப் போடும்போது தடுமாறினாள். கை நீட்டினேன், பழக்கதோஷம். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அக்டோபர் 7, திங்கள்

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி. ஹேமா வரவில்லை. ராசிபுரம் பக்கம் வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டாளாம். குழந்தைவேல் சார் கூட்டத்தில், சொந்தக் காரணம் என்றார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

வரும் வழியில் மீன் வாங்கினேன். இவருக்குப் பிடித்த மாதிரி மிளகு தூக்கலாக வறுத்தேன். ஜெயித்தவள் இப்படித்தான் சமைப்பாள் என்று தோன்றியது. மதிய உணவு இனித் தனியாகத்தான். அதனாலென்ன.

அக்டோபர் 22, செவ்வாய்

ஹேமா போய்விட்டாள், அந்தப் பேர் போகவில்லை. பெண்கள் கழிப்பறை வாசலில் ஏழாம் வகுப்புக் குழந்தை இன்னொருத்தியிடம், "எனக்கு இன்னைக்குக் கெச், பி.டி.க்கு வர மாட்டேன்" என்றது. அதற்கு ஹேமாவை யார் என்றே தெரிந்திருக்காது. என்ன அர்த்தம் என்று கேட்டேன். "பீரியட்ஸ் மிஸ். எல்லாரும் அப்படித்தான் சொல்றோம்."

பரவாயில்லை. மறைத்துப் பேச ஒரு வார்த்தை தேவைதானே. யாருக்கும் கெடுதல் இல்லை.

நவம்பர் 6, புதன்

தீபாவளி பட்சணம் இன்னும் தீரவில்லை. ஸ்டாஃப் ரூமில் வைத்தேன். யாரும் எடுக்கவில்லை.

எட்டாம் வகுப்பு பி பிரிவில் ஓவியஸ்ரீ என்று ஒரு பெண். தீபாவளிக்கு முன்பு, காலை வழிபாட்டு வரிசையில் நின்றபோது அவளுக்கு முதல்முறை ஆகியிருக்கிறது. வெள்ளைச் சீருடை நாள். பின்வரிசை முழுக்கப் பார்த்திருக்கிறது. அன்றிலிருந்து அவளுக்குப் பேரே 'கெச்'தானாம். நோட்டில், பெஞ்சில், தண்ணீர் பாட்டிலில் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். விடுமுறை முடிந்தும் அவள் பள்ளிக்கு வரவில்லை. சாப்பிடுவதும் இல்லையாம். அம்மா வந்து அழுதுவிட்டுப் போனாள்.

குழந்தைவேல் சார் என்னைக் கூப்பிட்டார். "நீங்க பயாலஜி மேடம், பொறுமையா எடுத்துச் சொல்லுவீங்க. ஒருக்கா அவங்க வீட்டுக்குப் போயிட்டு வந்துருங்க."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

நவம்பர் 11, திங்கள்

நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளி இன்று போனேன். மோகனூர் சாலையில் சின்ன வீடு. அப்பா லாரி ஓட்டுகிறவர், வடக்கே போயிருக்கிறார். அம்மா என் முகத்தைப் பார்த்து ஒரு கணம் நின்றாள். பிறகு, "உள்ள வாங்க டீச்சர்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

ஓவியஸ்ரீ சுவரோரம் கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெலிந்த முகம். நானும் தரையிலேயே உட்கார்ந்தேன். இது உடம்பின் இயற்கை, வெட்கப்பட ஒன்றுமில்லை என்று தொடங்கினேன்.

"அதெல்லாம் எங்கம்மா சொல்லிட்டாங்க மிஸ். எனக்கு அது பிரச்சனையில்ல."

"பொறவு என்ன சாமி?"

"என்னைய ஓவியான்னு யாருமே கூப்பிடறதில்ல."

சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. அவள் குரலைத் தாழ்த்தினாள். "யாரு மிஸ் மொதல்ல அந்தப் பேரைச் சொன்னது? டுவெல்த் அக்காங்ககிட்ட இருந்து வந்துச்சுங்கறாங்க. அவங்களுக்கு யாரோ சொல்லித் தந்தாங்களாமா."

"யாருன்னு தெரிஞ்சா என்ன பண்ணோணும்ங்கற?"

அவள் யோசிக்கவே இல்லை. முன்பே எல்லாவற்றையும் முடிவுசெய்து வைத்திருந்தாள். "எங்க கிளாஸ் முன்னால அவங்கள நிக்க வெக்கோணும். எல்லாரும் பாக்கோணும். பொறவு அவங்களுக்கும் ஒரு பேரு வெக்கோணும் மிஸ். என்ன பண்ணாலும் போகாத பேரா."

பதிமூன்று வயதுக் குழந்தை. வாயோரம் இறுகியிருந்தது. அந்த இறுக்கத்தோடுதான் நான் இத்தனை மாதமும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"அவங்களுக்கு ஏற்கெனவே அப்படி ஒரு பேரு இருக்குது" என்றேன்.

"என்ன பேரு?"

சொன்னேன்.

முதலில் நெற்றியைச் சுருக்கினாள். பிறகு என் உதட்டைப் பார்த்தாள், இமையைப் பார்த்தாள், தரையில் ஊன்றியிருந்த என் விரல்களைப் பார்த்தாள்.

"அது உங்க பேராச்சே மிஸ்."

"ஆமா."

அம்மா டீயோடு வந்தாள். ஓவியஸ்ரீ என்னிடமிருந்து கண்ணை எடுக்காமல், "இவங்களைப் போகச் சொல்லும்மா" என்றாள். "டீச்சர்கிட்ட என்ன பேச்சுடி இது" என்று அம்மா பதறினாள். நான் எழுந்துகொண்டேன். "நீ கேட்டதைச் செய்யறேன். புதன்கிழமை கிளாஸுக்கு வா" என்று மட்டும் சொன்னேன். அவள் வருவதாகச் சொல்லவில்லை.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஹேமா டீச்சர் நம்ம வீட்டுல எத்தனை நாள் சாப்பிட்டிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

நவம்பர் 12, செவ்வாய்

ஹேமாவுக்கு போன் செய்தேன். அடித்து அடித்து நின்றது. நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

நவம்பர் 13, புதன்

காலையில் குழந்தைவேல் சாரிடம் சொன்னேன். எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். "வெளிய தெரிஞ்சா பள்ளிக்கூடம் பேரு என்னாகும் மேடம்? கிளாஸ்ல போயி எதையும் உளறி வெக்காதீங்க. லீவுல போங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். பள்ளிக்கூடத்தின் பேர். அதற்கு மட்டும் சுருக்கம் கிடையாது.

லீவு லெட்டரை அவர் மேசையில் வைத்துவிட்டு, நேரே எட்டாம் வகுப்பு பி பிரிவுக்குப் போனேன். கணக்கு சார் எனக்கு வழிவிட்டு வெளியே போனார்.

இரண்டாம் பெஞ்சில் ஓவியஸ்ரீ இருந்தாள். தலை பின்னி ரிப்பன் கட்டியிருந்தாள்.

நின்றேன். ஹேமா மிஸ்ஸுக்கு உடம்பு சரியில்லாமல் போனதையும், அதை நான் வேடிக்கையாக்கிப் பேர் வைத்ததையும், ஏன் வைத்தேன் என்பதையும் சொன்னேன். என்னை நீங்கள் எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சில் ஒருவன் தன் முன்னால் எழுதியிருந்ததை உள்ளங்கையால் மெல்லத் தேய்த்தான். சில பெண்கள் அழுதார்கள். ஓவியஸ்ரீ அழவில்லை.

சொல்லி முடித்த பிறகும் நின்றேன். எல்லோரும் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். கால் வலித்தது. ஒவ்வொரு முகமாகக் குனிந்தது. அவள் மட்டும் குனியவில்லை. மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்டால் அவள் தலையாட்ட வேண்டியிருக்கும், டீச்சர் ஆயிற்றே. அந்தத் தொல்லையை அவளுக்கு நான் தரவில்லை.

மணி அடித்தது. அவள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த பார்வை. மதியச் சாப்பாட்டில் எதிரே உட்கார்ந்து மெல்லுகிறவளை நான் பார்த்த அதே பார்வை. இன்னும் தீரவில்லை அவளுக்கு. அது தீர எவ்வளவு காலம் பிடிக்கும் என்று இந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். என்னிடம் அவள் கேட்க மாட்டாள்.